சப்பிரகமுவவில் சிறு தேயிலைத் தோட்டங்கள்

இரத்தினபுரி மாவட்டத்திலே பெல்மதுளையிலிருந்து காவத்தை வழியாக இறக்குவானைக்குச் செல்லும் வீதியில் பயணஞ் செய்திருக்கும் நேயர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். வீதியின் ஒரு புறத்தில் மலைச்சரிவு முழுவதும் பரந்து கிடக்கும் பெருந்தோட்டம். மறுபுறத்தில் வீட்டைச் சுற்றிக் காலேக்கர், அரையேக்கர் அளவிலே நடப்பட்ட தேயிலை. அதனிடையே கமுகும், மிளகுக் கொடியும், ஒரு பலாமரமும். இரு புறத்திலும் செடி ஒன்றே. பெய்யும் மழையும் ஒன்றே. பறிக்கப்படுவதும் அதே இரண்டு இலையும் ஒரு மொட்டுமே. பிற்பகலானதும் தோட்டத்துக் கொழுந்து மடுவத்திலே தராசு தொங்குகிறது. வீதியோரத்துத் தகரக் கொட்டகையிலும் தராசு தொங்குகிறது.

ஆயினும் இவ்விரு தராசுகளும் ஒன்றல்ல. தோட்டத்துத் தராசில் கூடையை வைக்கும் பெண் கணக்கப்பிள்ளையின் ஏட்டிலே ஒரு பெயர். விதிக்கப்பட்ட கிலோவைப் பறித்தால் அவளுக்கு ஒரு பேர்; குறைந்தால் அரைப்பேர். கொழும்பு ஏலத்திலே தேயிலை என்ன விலைக்கு விற்றது என்பது அவளுடைய அன்றைய கூலியைத் தொடுவதில்லை. வீதியோரத் தராசில் சாக்கை வைப்பவரோ தமது காணியின் விளைவை விற்கிறார். அவருக்கு ஒரு பதிவிலக்கம் உண்டு. ஒரு சங்கம் உண்டு. அவருடைய செடி முதிர்ந்துபோனால் அதனைப் பிடுங்கிப் புதிதாக நடுவதற்கு அரசாங்க மானியம் உண்டு. நட்ட செடியைப் பார்வையிட்டு ஆலோசனை கூறத் தேயிலைப் பரிசோதகர் வருவதுண்டு. இவ்வளவும் ஓர் அரசாங்க நிறுவனத்தினால் வந்தவை. சிறு தேயிலைத் தோட்ட அபிவிருத்தி அதிகாரசபை என்னும் அந்நிறுவனம் 1975ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினால் அமைக்கப்பட்டு, 1977இல் பணியைத் தொடங்கியது.

அதிகாரசபை தோன்றுவதற்கு முன்னரும் கிராமத்தவர் தேயிலை நட்டனர். எனினும் தேயிலை என்றால் பெருந்தோட்டம் என்பதே நூறாண்டு காலம் நாட்டின் எண்ணமாக இருந்தது. 1867இல் லூல்கந்துரத் தோட்டத்திலே ஜேம்ஸ் டெயிலர் என்பவர் தேயிலையை வணிகப் பயிராக நட்ட நாளிலிருந்து, வீதிகளும் பாலங்களும் இருப்புப் பாதைகளும் தோட்டத்துப் பெட்டிகளைத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்கென்றே அமைக்கப்பட்டன. களனிப் பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பாதைப் புகையிரதம் 1912இல் இரத்தினபுரியை அடைந்ததும் அந்த நோக்கத்தினாலேயே. கிராமத்து மனிதருக்குத் தேயிலை என்பது எல்லைக்கு அப்பாலுள்ள பயிர். தோட்டத்துக்குள் இருந்தவர்களுக்கோ, அவர்கள் வளர்த்தும் அவர்களுடையதாகாத பயிர்.

1950களின் இறுதியில் தேயிலை மீள்நடுகைக்கு அரசாங்க மானியம் வழங்கப்படலாயிற்று. றப்பருக்கு அதற்கு முன்னரே, 1953இல், மீள்நடுகை மானியத் திட்டம் வந்துவிட்டது. 1952ஆம் ஆண்டின் இலங்கை–சீன அரிசி–றப்பர் ஒப்பந்தத்தின் பின்னர் றப்பருக்கு இருந்த மதிப்பு அதற்கு உதவியது. கேகாலை மாவட்டத்தின் றுவான்வெல்ல, தெகியோவிட்ட, எட்டியாந்தோட்டைப் பகுதிகளில் இன்றும் சிறு காணிகளில் நிற்கும் றப்பர் மரங்களில் பல, இந்த மானியத்தின் வழித்தோன்றல்களே. நட்ட நாளிலிருந்து ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பால் தராத ஒரு மரத்தை, நாளாந்தச் சோற்றுக்கு உழைக்கும் ஒரு குடும்பம் எவ்வாறு நடும்? அந்த ஆறு ஆண்டுகளின் பசியை ஓரளவு தாங்கிக் கொள்வதே மானியத்தின் பொருள்.

தேயிலையில் இக்காத்திருப்பு வேறு வகையானது. அதனைச் சற்று விரிவாகக் கூறுதல் வேண்டும்; ஏனெனில் அதிகாரசபையின் வேலையை விளங்கிக்கொள்வதற்கு இதுவே திறவுகோல்.

விதையிலிருந்து வளர்ந்த பழைய தேயிலைத் தூர் எண்பது, நூறு ஆண்டுகளும் உயிரோடிருக்கும். ஆனால் விளைச்சல் குறையும். இடையிலே செடி செத்து வெற்றிடம் விழும். மண் கழுவப்பட்டு வேர் வெளியே தெரியும். அதனைப் பிடுங்கிவிட்டு உடனே புதிய கன்றை நட்டால் கன்று தேறுவதில்லை. நூறாண்டு ஒரே பயிரைத் தாங்கிய மண்ணுக்கு ஓய்வும் உணவும் தேவை. ஆகவே கௌதமாலாப் புல்லை அல்லது மானாப் புல்லை நட்டு, ஒன்றரை ஆண்டு முதல் இரண்டு ஆண்டு வரை வளரவிட்டு, அவ்வப்போது வெட்டி வெட்டி அந்த மண்ணின் மேலேயே பரப்புகிறார்கள். சரிவுக்குக் குறுக்கே, சமவுயரக் கோட்டை ஒட்டிக் கான்கள் வெட்டப்படுகின்றன. அதன் பின்னரே கன்று நடுகை. நட்ட கன்றைக் கிளை விடச் செய்து, மட்டம் பார்த்துத் தட்டையாக்கி, முறையாகக் கொழுந்து பறிப்பதற்கு மேலும் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள். மொத்தத்தில் நான்கு ஆண்டுகள் அந்தக் காணி சல்லிக் காசு தராது. அரையேக்கர் உள்ளவருக்கு அந்த அரையேக்கரே முழு வருமானம்.

அதிகாரசபை இங்கேதான் உட்புகுகிறது. மானியத்தை ஒரே தடவையில் கையில் கொடுப்பதில்லை. கொடுத்தால் அது கலியாணத்துக்கும் கடனுக்கும் போய்விடும் என்பதைச் சட்டம் இயற்றியவர்கள் அறிந்திருந்தனர் போலும். பழைய தூரைப் பிடுங்கியதும் ஒரு பகுதி, புல் நட்டதும் ஒரு பகுதி, கான் வெட்டிக் கன்று நட்டதும் ஒரு பகுதி என்று, பரிசோதகர் வந்து வேலையைக் கண்ட பின்னரே தவணை தவணையாக விடுவிக்கப்படுகிறது. கான் சரியில்லை என்றால் தவணை நிற்கும். இதனால் பரிசோதகரைக் குறைகூறுவோர் உண்டு. ஆனால் சப்பிரகமுவ மழையிலே கான் இல்லாத சரிவு என்னவாகும் என்பதை அம்மலைகளே பலமுறை காட்டியிருக்கின்றன.

நடப்படும் கன்றும் மாறிவிட்டது. விதைக்குப் பதிலாக, நல்ல விளைச்சல் தரும் தாய்ச்செடியின் கிளையிலிருந்து, ஓர் இலையும் அதன் கீழுள்ள சிறு தண்டுமாக வெட்டி எடுத்து, பொலித்தீன் உறையிலே நட்டு, நிழலிலும் ஈரத்திலும் வைத்து வேர்விடச் செய்கிறார்கள். ஒன்பது, பத்து மாதங்களில் கன்று நடுகைக்குத் தயாராகும். தாயின் குணம் பிள்ளைக்குப் பிசகாமல் வருவது இம்முறையின் சிறப்பு. இவ்வினங்களைத் தேர்ந்தெடுத்து வெளியிட்டது 1925இல் நிறுவப்பட்ட தேயிலை ஆராய்ச்சி நிலையம். அதன் தாழ்நாட்டுக் கிளை இரத்தினபுரியில் சென்ற் ஜோக்கிம் தோட்டத்திலே இருக்கிறது. ஆராய்ச்சி நிலையம் கண்டறிந்ததைக் கிராமத்து நாற்றுமேடை வரை கொண்டு சேர்த்தது அதிகாரசபையின் பரிசோதகர்கள். இன்று நாற்றுமேடை வைத்துக் கன்று விற்பதே சப்பிரகமுவக் கிராமங்களில் தனியான ஒரு தொழிலாகிவிட்டது.

இனி விலையைப் பற்றி. நெல்லை அறுத்தவர் விலை குறைவென்றால் ஒரு மாதம் வீட்டிலே கட்டி வைக்கலாம். மிளகைக் காயவைத்து ஓராண்டு வைத்திருக்கலாம். கொழுந்தை ஓர் இரவு வைக்க முடியாது. சாக்கிலே இறுக்கி அடைத்தாலே உட்புறம் சூடேறிக் கறுத்துவிடும். பறித்த அன்றே ஸ்டோருக்குப் போய்ச் சேரவேண்டும். ஆகவே வாங்குபவர் சொன்னதே விலையாகும் நிலை இயல்பாகவே உண்டு. அதுமட்டுமன்று; கொழுந்து தேயிலையாகி, கொழும்பு ஏலத்துக்குப் போய், விற்பனையாகும் வரை அதன் உண்மையான பெறுமதி ஒருவருக்கும் தெரியாது. விற்றவர் மறுமாதம் வரை காத்திருக்க வேண்டும்.

இதற்காக 1957ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கத் தேயிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் ஒரு கணக்கு முறை நடைமுறைக்கு வந்தது. தேயிலை விற்று வந்த பணத்தில் 68 சதவீதம் கொழுந்து கொடுத்தவருக்கு. 32 சதவீதம் ஸ்டோருக்கு. ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். ஒரு கிலோ தேயிலை ஏலத்திலே 1,000 ரூபாவுக்கு விற்றது என்று வைத்துக்கொள்வோம். 680 ரூபா கொழுந்துக்காரருக்குரியது. 100 கிலோ பச்சைக் கொழுந்திலிருந்து ஏறத்தாழ 21.5 கிலோ தேயிலை கிடைக்கும் என்று கொண்டால், ஒரு கிலோ கொழுந்தின் விலை 146 ரூபா ஆகிறது. தேயிலை விலை உயர்ந்தால் கொழுந்து விலையும் உயரும். வீழ்ந்தால் அதுவும் வீழும். ஏலத்தின் ஏற்றத்தாழ்வு வீட்டு அடுப்புவரை வந்துவிடுகிறது. ஆயினும் எதனால் ஏறியது, எதனால் இறங்கியது என்பதைக் கணக்குப் பார்த்துக் கேட்க ஓர் அளவுகோல் கையில் இருக்கிறது. கேட்க முடிவதே பெரிய வேறுபாடு.

கேட்க வேண்டிய சந்தர்ப்பங்களும் குறைவல்ல. மழை நாளிலே நனைந்த கொழுந்துக்கு ஈரக் கழிவு, சாக்குக்குக் கழிவு, முற்றிய இலைக்குக் கழிவு என்று தராசடியிலே குறைப்பவை நீண்டகால முறைப்பாடு. தனி ஒருவர் கேட்டால் நாளைக்கு அவருடைய வாசலில் லொறி நில்லாது. ஆகவே சிறுதோட்டக்காரர் சங்கங்களை அதிகாரசபை ஊர்தோறும் அமைத்தது. உரம் மொத்தமாக வாங்குவதும், கவ்வாத்து முறையைச் செய்து காட்டுவதும், தராசைப் பற்றிக் கூட்டாகப் பேசுவதும் அச்சங்கங்களின் வேலைகள். எல்லாச் சங்கங்களும் ஒருபோல நடக்கின்றன என்று சொல்ல முடியாது. சிலவற்றில் தலைவரே கொழுந்து லொறிக்கும் சொந்தக்காரராக இருப்பது, கேட்பவரும் கேட்கப்படுபவரும் ஒருவராகிவிடும் விந்தை.

குறைகள் இருந்தும் இவ்வமைப்பு ஒரு பிரதேசத்தின் முகத்தையே மாற்றியது என்பதை மறுக்க இயலாது. கடல் மட்டத்திலிருந்து 600 மீற்றருக்குக் கீழே விளைவது தாழ்நிலத் தேயிலை. பலாங்கொடைக்கு மேலுள்ள உயர்ந்த மலைகள் நீங்கலாக, சப்பிரகமுவவின் தேயிலையிற் பெரும்பங்கு இவ்வகையைச் சேர்ந்தது. முன்னர் மலைநாட்டுத் தேயிலைக்கு அடுத்தபடியாக வைத்து எண்ணப்பட்ட இது, கறுத்து முறுகிய இலையும் கடுஞ்சாயமும் உடையது. ஈராக், ஈரான், துருக்கி, ரஷ்யா முதலிய நாடுகளில் அச்சாயத்தையே விரும்பிக் குடிக்கிறார்கள். அவ்வாறு சந்தை திரும்பியபோது கிராமத்துக் காணிகளிலே புதிய இனச் செடிகள் தயாராக நின்றன. இன்று இலங்கையின் தேயிலையில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கைச் சிறுதோட்டக்காரரே விளைவிக்கின்றனர். ஹெக்டேயருக்குக் கிடைக்கும் விளைச்சலிலும் அவர்கள் பெருந்தோட்டங்களை முந்திவிட்டனர். காலி, மாத்தறை, களுத்துறை மாவட்டங்களோடு இரத்தினபுரியும் இவர்கள் மிகுந்திருக்கும் மாவட்டங்களுள் ஒன்று.

அரசாங்கத்தின் ஒரு சொல் இவர்களை எவ்வளவு விரைவாகத் தாக்கக்கூடும் என்பதையும் அண்மைக் காலம் காட்டியது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அதே ஆண்டு இறுதியிலே தடை தளர்த்தப்பட்டது. தளர்ந்த பின்னரும் அந்நியச் செலாவணி இன்மையால் உர விலை எட்டாத உயரத்தில் நின்றது. 2021இல் ஏறத்தாழ 299 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல், 2022இல் 251 மில்லியன் கிலோவாக வீழ்ந்தது. தேயிலைச் செடி நெல்லைப் போன்றதன்று. ஒரு போகம் தவறினால் அடுத்த போகத்தில் ஈடு செய்ய முடியாது; பட்டினி கிடந்த தூர் மீண்டும் தேறுவதற்குக் காலம் பிடிக்கும்.

இதுவரை கூறியது வீதியின் ஒரு புறத்துக் கதை. மறுபுறத்திலே லயன் வரிசைகளில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த அதிகாரசபை என்ன செய்தது என்று நேயர்கள் வினவக்கூடும். பெரும்பாலும் ஒன்றுமில்லை என்பதே நேர்மையான விடை. அதிகாரசபை அவர்களைத் திட்டமிட்டு விலக்கியது என்பதற்கில்லை. அதன் சட்டம் சிறுதோட்ட உடைமையாளரிலிருந்து தொடங்குகிறது. மானியத்துக்கு விண்ணப்பிப்பவர் காணியின் மீது தமக்குள்ள உரித்தை எழுத்திலே காட்டவேண்டும். கொழுந்து பறிப்பதிலும், கவ்வாத்து வெட்டுவதிலும், முள்ளுக் குத்துவதிலும் நாட்டிலேயே தேர்ந்த கைகள் லயன்களிலே இருந்தன. காட்டுவதற்கு ஓர் உறுதிப் பத்திரம் மட்டும் இல்லை.

அது ஏன் இல்லாமற்போயிற்று என்பது பழைய கதை. ஆயினும் இவ்விடத்திலே தவிர்க்க முடியாதது. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் இந்தியாவிலிருந்து வந்த தோட்டத் தொழிலாளரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30ஆம் தேதி கைச்சாத்திடப்பட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தக் கணக்கு முடியாதிருந்த காலத்திலேயே காணிச் சீர்திருத்தம் வந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டம் தனியார் காணி உடைமையை 50 ஏக்கருக்கு வரையறுத்தது. 1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. சில தோட்டங்கள் துண்டாக்கப்பட்டு அயற் கிராமத்தவருக்குப் பகிரப்பட்டன. காணி பங்கிடப்பட்ட அந்த நேரத்திலே, அதனை வளர்த்தவர்களிற் பலர் சட்டத்தின் கண்ணிலே எந்த நாட்டவரும் அல்லர். வேலையும் லயன் காம்பராவும் ஒருசேர இழந்து நகரத் தெருக்களுக்கு வந்த குடும்பங்களை 1970களின் நடுப்பகுதியைக் கண்ட முதியோர் மறந்திருக்கமாட்டார்கள். குடியுரிமைப் பிரச்சினை 1988ஆம் ஆண்டிலும் 2003ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களினாலேயே தீர்வுக்கு வந்தது. அதற்குள் காணி பங்கீடு முடிந்துவிட்டது.

இந்தியாவுக்குச் சென்றவர்களின் கதையையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவர்களுக்கு வேலை கொடுக்கும் பொருட்டுத் தமிழ்நாட்டு அரசாங்கம் 1968இல் நீலகிரியிலே தேயிலைத் திட்டமொன்றைத் தொடங்கியது. பின்னர் அது டான்டீ எனப்படும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. வேலை கிடைத்தது, குடியிருப்பும் கிடைத்தது. ஆயினும் சப்பிரகமுவவில் கூலியாக இருந்தவர் கூடலூரிலும் கூலியாகவே இருந்தார். ஓய்வு பெற்றால் வீட்டை விட வேண்டிய கவலையும் கூடவே சென்றது. அதே நீலகிரியிலே சொந்தக் காணியுள்ள சிறு விவசாயிகள் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகளை அமைத்துக்கொண்டனர்.

ஆபிரிக்காவிலே கெனியா நாடு சிறு விவசாயிகளைக் கொண்டே தேயிலையை வளர்த்தது. 1964இல் அங்கு அமைக்கப்பட்ட தேயிலை அபிவிருத்தி அதிகாரசபை கன்று கொடுத்தது, கொழுந்து சேகரித்தது, தொழிற்சாலையும் கட்டியது. 2000ஆம் ஆண்டிலே அது அரசின் கையை விட்டு, விவசாயிகள் பங்குகொண்ட தொழிற்சாலைக் கம்பனிகளின் உடைமையாயிற்று. இலங்கையின் அதிகாரசபை தொழிற்சாலையை அந்த அளவுக்கு விவசாயியின் கையில் கொடுக்கவில்லை. இங்கே ஸ்டோர் பெரும்பாலும் தனியாருடையது. 32 சதவீதத்தைப் பற்றிய வாக்குவாதம் ஓயாமலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சப்பிரகமுவத் தோட்டங்களுக்கு மீள்வோம். அரசுடைமையான தோட்டங்களை மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபையும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனமும் நடத்தின. நட்டம் பெருகியபோது, 1992இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. காணி அரசாங்கத்துடையது, கம்பனிக்கு 53 ஆண்டுக் குத்தகை, அது 2045இல் முடிவடையும். இன்று ஒரு சரிவிலே பழைய தூரைப் பிடுங்கிப் புல் நட்டு, கன்று நட்டுப் பலன் காணத் தொடங்கும் கம்பனிக்கு, அப்பலனை அனுபவிக்க எஞ்சியிருப்பது சில ஆண்டுகளே. பல தோட்டங்களில் மீள்நடுகை மந்தமாக நடப்பதற்குரிய காரணங்களில் இதனையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. ஒவ்வொரு தடவையும் தொழிற்சங்கமும் கம்பனியும் நீண்ட போராட்டம் நடத்தியே அந்த இடத்துக்கு வந்தன. முதிர்ந்த செடியிலிருந்து கூடிய சம்பளம் எங்கிருந்து வரும் என்கிறது கம்பனி. செடியை முதிர விட்டது யார் என்கிறது சங்கம்.

இந்த முட்டுச்சந்திலிருந்து வெளியேற ஒரு வழியாக, சில கம்பனிகள் வருமானப் பங்கீட்டு முறையைத் தொடங்கியிருக்கின்றன. ஒரு குடும்பத்துக்குக் குறித்த எண்ணிக்கைத் தேயிலைத் தூர்கள் ஒப்படைக்கப்படும். உரத்தைக் கம்பனி கொடுத்து அதன் செலவைக் கழித்துக்கொள்ளும். பறித்த கொழுந்துக்கு, சிறுதோட்டக்காரருக்குப் போலவே, கிலோ கணக்கிலே விலை. நன்றாகப் பராமரித்த குடும்பம் நாட்சம்பளத்தைவிடக் கூடுதலாக உழைக்கலாம் என்பது உண்மை. ஆனால் மழை பொய்த்தால், விலை வீழ்ந்தால், நட்டத்தைச் சுமப்பதும் அக்குடும்பமே. சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் என்னவாகும் என்று தொழிற்சங்கங்கள் கேட்பது வீணான கேள்வியன்று. சிறுதோட்டக்காரருக்கு நட்டம் வந்தாலும் காணி மிஞ்சும். அதனை அடகு வைத்தாவது அடுத்த பருவத்தைப் பார்க்கலாம். பங்கீட்டு முறையிலே தூர்களைப் பொறுப்பேற்றவரிடம் அடகு வைப்பதற்கு ஒன்றுமில்லை.

வீட்டுக் காணியிலே சில முன்னேற்றங்கள் நிகழ்ந்திருக்கின்றன. லயனை விட்டு வெளியேறும் குடும்பத்துக்கு 7 பேர்ச் காணியிலே தனி வீடு என்னும் ஏற்பாடு, 2015ஆம் ஆண்டின் பின்னர் நடைமுறைக்கு வந்தது. இந்திய அரசாங்கத்தின் உதவியுடனும் வீடுகள் கட்டப்பட்டன. மண்சரிவு அபாயமுள்ள இடங்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி பெற்றே இடந்தெரிய வேண்டும். 2016 மே மாதம் அரநாயக்கவிலும் புளத்கொகுப்பிட்டியவின் களுபஹனத் தோட்டத்திலும் மண்ணுள் புதைந்தவர்களை நினைப்பவர் எவரும் அந்த விதியை வீண்தாமதம் என்று கூறமாட்டார். ஆனால் 7 பேர்ச் என்பது எவ்வளவு? ஓர் ஏக்கருக்கு 160 பேர்ச். நான்கடிக்கு இரண்டடி இடைவெளியில் தேயிலை நட்டால், வீடே கட்டாமல் முழுக் காணியிலும் நட்டாலுங்கூட, 7 பேர்ச்சில் 238 தூருக்கு மேல் கொள்ளாது. வீட்டுக்குப் போதும், பிழைப்புக்குப் போதாது.

2018ஆம் ஆண்டு இரு சட்டங்கள் இத்திசையில் ஒரு கதவைத் திறந்தன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்திலிருந்த ஒரு பிரிவினால், தோட்டத்துக்குள் வீதி செப்பனிடவும் பிரதேச சபை தயங்கி வந்தது. தோட்டத்தவர் வாக்களித்துத் தெரிவு செய்த சபையே தோட்டத்துப் பாலத்தைக் கட்ட முடியாதென்றது! அப்பிரிவு திருத்தப்பட்டது. அதே ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம், பெருந்தோட்டப் பிராந்தியத்துக்கெனப் புதிய கிராமங்கள் அபிவிருத்தி அதிகாரசபையை அமைத்தது. லயன்களைக் கிராமங்களாக்குவதும், அங்கு வாழ்வோரைக் காணியுரிமையுடன் நாட்டின் பொது வாழ்வோடு இணைப்பதும் அதன் நோக்கமாக எழுதப்பட்டது.

கிராமம் என்னும் சொல்லைச் சட்டத்திலே எழுதியது சிறிய காரியமன்று. சப்பிரகமுவவில் கிராமம் என்றால் வீடு மட்டும் அல்ல. வீட்டைச் சுற்றிய காணி, அதிலே விளையும் பயிர், அப்பயிரை நிறுக்கும் தராசு, தராசடியில் பேசச் சங்கம், சங்கத்துக்கு வரும் பரிசோதகர் என அனைத்தும் அச்சொல்லுள் அடங்கும். முன்னைய அதிகாரசபை நாற்பதாண்டுக்கு மேலாகக் கட்டியெழுப்பியது இந்த முழுமையையே. தோட்டங்களின் ஓரங்களிலே பயிரின்றிப் பற்றைக் காடாய்க் கிடக்கும் நிலங்கள் பல. அவற்றில் அரையேக்கராவது உறுதியோடு ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தால், மீதியைச் செய்வதற்குரிய மானியமும் நாற்றுமேடையும் விலைக் கணக்கும் வீதியின் மறுபுறத்திலே ஏற்கெனவே தயாராக இருக்கின்றன. புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியது எதுவுமில்லை. தோட்ட வேலையை விட்டுச் சேமித்த பணத்தில் சிறு காணி வாங்கித் தேயிலை நட்டிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சில இப்போதே ஆங்காங்கே உண்டு. அவர்களுடைய செடிகளைப் பார்த்தவர்கள், கவ்வாத்து வெட்டின் சுத்தத்தைக் கொண்டே இது யார் கை என்று சொல்லிவிடுவார்கள்.

மற்றவர்கள் வேறு விதமாக வீதியைக் கடக்கிறார்கள். தோட்டத்தில் பேர் முடிந்த பின்னும், ஞாயிற்றுக்கிழமைகளிலும், பெண்கள் கூடையோடு இறங்கிவந்து சிறுதோட்டக்காரரின் காணிகளில் கிலோவுக்குக் கூலி பேசிக் கொழுந்து பறிக்கிறார்கள். கிராமத்து இளைஞர் நகர வேலைகளுக்குச் சென்றுவிட்டதால், இவர்கள் வராவிட்டால் பல காணிகளில் கொழுந்து முற்றிவிடும். மாலையில் லொறி வருகிறது. வீதியோரத் தராசிலே சாக்கை ஏற்றி வைப்பதும் பல வேளைகளில் அப்பெண்ணே. எடை பார்த்தவர் புத்தகத்தைத் திறந்து, காணிக்காரரின் பதிவிலக்கத்துக்கு நேரே கிலோவை எழுதிக்கொள்கிறார்.